ஏஐ முகவர் வழியாக ஸ்ட்ரீம் சம்பளத்தை இடைநிறுத்துவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாதக் கடைசியில் மொத்தமாகச் சம்பளம் போடாமல், நொடிக்கு நொடி உரிய தொகை பெறுநரின் பெயரில் சேர்ந்துகொண்டே போகும்படி அமைப்பதை ஸ்ட்ரீமிங் கட்டணம் என்கிறோம். எத்தீரியம் உலகில் இது பழைய யோசனைதான். பால் ரஸ்வான் பெர்க் 2018-இல் ஈஆர்சி-1620 என்ற முன்மொழிவில் இதற்கான அமைப்பை எழுதிவைத்தார். அந்த வேரிலிருந்து வளர்ந்த திட்டம்தான் சப்லியர். புதிதாக வந்திருப்பது, இப்படி ஓடும் சம்பளங்களைக் கவனிக்கும் வேலையை ஏஐ முகவர்களிடம், அதாவது மொழி மாதிரியை மூளையாகக் கொண்டு கருவிகளை இயக்கும் மென்பொருள்களிடம், ஒப்படைக்கும் பழக்கம். "இந்த ஒப்பந்ததாரரின் ஸ்ட்ரீமை நிறுத்திவை" என்று உரையாடல் பெட்டியில் ஒரு வரி எழுதுகிறோம். முகவர் தனக்குக் கொடுக்கப்பட்ட கருவியை அழைக்கிறது. கருவி பிளாக்செயினுக்குப் பரிவர்த்தனை அனுப்புகிறது. அது பிளாக்கில் பதிவானதும் சம்பளம் நின்றுவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பணம் அனுப்பும் அதிகாரத்தை முகவருக்குக் கொடுக்கும்போது எல்லோரும் தயங்குகிறார்கள். நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுக்கும்போது அந்தத் தயக்கம் இருப்பதில்லை. "நிறுத்துவதுதானே, பணம் எங்கும் போய்விடாதே" என்ற எண்ணம். மறுமுனையில் அந்தப் பணத்தை நம்பி வீட்டு வாடகை கட்டும் ஒருவர் இருக்கிறார் என்பதை மறந்தால்தான் இப்படி எண்ண முடியும். ஆகவே நிறுத்தும் கருவியையும் பணம் அனுப்பும் கருவிக்கு இணையான கவனத்தோடுதான் கட்ட வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த நோக்கத்தில் அமைந்தவை. ஓரளவு நிரல் எழுதும் பழக்கமும், மெட்டாமாஸ்க் போன்ற ஒரு வாலட்டைப் பயன்படுத்திய அனுபவமும் இருந்தால் போதும்.

உங்கள் ஸ்ட்ரீம் எந்த வகை?

எல்லா ஸ்ட்ரீமையும் இடைநிறுத்த முடியாது. சப்லியரிலேயே இரண்டு வகைகள் உள்ளன. லாக்கப் என்பது முழுத் தொகையையும் முதலிலேயே பூட்டிவைத்து, குறித்த காலத்துக்குள் விடுவிப்பது; டோக்கன்களைக் காலப்போக்கில் ஊழியருக்கு உரிமையாக்கப் பயன்படுவது. இதில் ரத்து உண்டு, அதுவும் தொடங்கும்போது அனுமதித்திருந்தால் மட்டும். இடைநிறுத்தம் கிடையாது. ஃப்ளோ என்பது முடிவுத் தேதி இல்லாமல் ஓடுவது; அவ்வப்போது பணம் போட்டுக்கொள்ளலாம். சம்பளத்துக்கு ஏற்றது இதுதான். இடைநிறுத்தம் இதில் உண்டு.

ஸ்ட்ரீமிங்குக்கான வேறு திட்டங்களும் உண்டு. அவற்றில் சூப்பர்ஃப்ளூயிடில் இடைநிறுத்தம் தனியாக இல்லை. ஓட்டத்தை அழித்துவிட்டுப் பிறகு புதிதாகத் தொடங்க வேண்டும். லாமாபேயில் இடைநிறுத்தும் செயற்கூறு (ஃபங்ஷன்) உண்டு. 2020-இல் அறிமுகமாகி, நம் ஊரில் பலருக்கும் பழக்கமான யுபிஐ ஆட்டோபேயிலும் ஆணையை இடைநிறுத்திவைக்கலாம். ஆனால் அது தவணைக்குத் தவணை பணம் எடுப்பது. இரண்டு தவணைகளுக்கு நடுவில் நிறுத்தினால் பாக்கிக் கணக்கு எதுவும் எழாது. நொடிக் கணக்கில் ஓடும் ஸ்ட்ரீமில் எந்த நொடியில் நிறுத்தினாலும் பாக்கி ஒன்று இருக்கும். சிக்கலெல்லாம் அங்கேதான் பிறக்கிறது. இனி இந்தக் கட்டுரையில் ஸ்ட்ரீம் என்றால் சப்லியர் ஃப்ளோ ஸ்ட்ரீம் என்றே கொள்ளுங்கள்.

நிறுத்தினால் உண்மையில் என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் கருவி எழுத உட்காராதீர்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மாதம் 1000 யுஎஸ்டிசி (டாலருக்கு நிகரான மதிப்புள்ள டோக்கன்) சம்பளம். மாதத்தை 30 நாளாக எடுத்துக்கொண்டால் 25,92,000 நொடிகள். ஆக நொடிக்குச் சுமார் 0.0003858 யுஎஸ்டிசி. நிறுவனம் முதலில் 900 போட்டு ஸ்ட்ரீமைத் தொடங்குகிறது. 18 நாள் ஓடியபின் சேர்ந்த தொகை 600. அதில் 400-ஐப் பெறுநர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார். ஒப்பந்தத்தில், அதாவது ஸ்ட்ரீமை நடத்தும் பிளாக்செயின் நிரலில் (ஸ்மார்ட் கான்ட்ராக்ட்), மீதமிருக்கும் பணம் 500. அந்த 500-இல் 200 பெறுநருக்குச் சேர வேண்டிய பாக்கி. 300 அனுப்புநர் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடியது.

இந்த நொடியில் இடைநிறுத்தினால் மாறுவது ஒன்றே ஒன்று: நொடி வீதம் சுழியம் ஆகிறது. பாக்கி 200 அப்படியே பெறுநருடையது. அவர் நாளையும் எடுக்கலாம், அடுத்த ஆண்டும் எடுக்கலாம். அனுப்புநரால் அதைத் தொட முடியாது. 300-உம் தானாக அனுப்புநரிடம் திரும்பிவிடாது. அதற்கு ரீஃபண்ட் என்ற தனிச் செயற்கூறு. ஆட்டோவில் மீட்டரை நிறுத்தினாலும் அதுவரை ஓடிய தொகையைக் கொடுத்துவிட்டுத்தானே இறங்குகிறோம், அதே முறைதான்.

பணம் போடாமல் விட்டால் ஸ்ட்ரீம் தானாக நின்றுவிடும் என்று எண்ணுபவர்கள் உண்டு. நிற்காது. மேலே சொன்ன 900 யுஎஸ்டிசி 27-ஆம் நாளோடு தீர்ந்துவிடும். ஆனால் ஃப்ளோவில் கணக்கு அதற்குப் பிறகும் ஓடும். 30-ஆம் நாளில் பார்த்தால், கொடுக்கப் பணம் இல்லாத பாக்கி 100 யுஎஸ்டிசி சேர்ந்திருக்கும். அப்போது இடைநிறுத்தினாலும் அந்த 100 அழியாது. ஈடில்லாத பாக்கியாகவே நிற்கும். அதை அழிப்பது வாய்ட் என்ற செயற்கூறு. அது ஈடில்லாத பாக்கியைத் துடைத்துவிட்டு ஸ்ட்ரீமையும் நிரந்தரமாக முடித்துவிடும். திரும்ப ஓடவிட வழியில்லை. முகவரின் கருவிப் பட்டியலில் வாய்ட் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரீஃபண்டும் வேண்டாம். ரீஃபண்டையும் இடைநிறுத்தத்தையும் ஒரே பரிவர்த்தனையில் செய்யும் செயற்கூறு ஒன்று ஃப்ளோவில் உண்டு. வசதியாகத் தோன்றும், அதையும் சேர்க்காதீர்கள். இடைநிறுத்தம் என்று சொன்னால் இடைநிறுத்தம் மட்டுமே நடக்க வேண்டும்.

பெறுநரின் வாலட் திருட்டுப்போய்விட்டது, உடனே நிறுத்துங்கள் என்று கோரிக்கை வந்தால்? நிறுத்துவது சரி. இனிமேல் சேரப் போகும் தொகை காப்பாற்றப்படும். ஏற்கெனவே சேர்ந்த 200-ஐ இடைநிறுத்தம் காக்காது; சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் அதை எடுக்க முடியும். இதை அந்த நபரிடம் உடனே, தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாம் பத்திரம் என்ற பொய் நம்பிக்கையில் அவர் ஒரு மணி நேரம் இருந்துவிட்டாலும் இழப்பு அவருக்குத்தான்.

படி 1: சோதனை வலையில் ஒரு ஸ்ட்ரீம்

உண்மைப் பணம் புழங்காத, எத்தீரியத்தின் செப்போலியா சோதனை வலையில் தொடங்குங்கள். அதன் செயின் எண் 11155111. சோதனை ஈதரை இலவசமாகத் தரும் தளங்கள் பல உண்டு. சப்லியரின் ஒப்பந்தங்கள் அங்கேயும் உள்ளன. முகவரிகளைச் சப்லியரின் அதிகாரபூர்வ ஆவணப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். முகவரிடம் "ஃப்ளோ ஒப்பந்தத்தின் முகவரி என்ன" என்று கேட்டு வாங்காதீர்கள். மொழி மாதிரிகள் நாற்பது எழுத்து முகவரியை நம்பும்படியாகப் புனைந்துவிடக்கூடியவை.

இரண்டு சோதனை வாலட்டுகளுக்கு நடுவில் ஒரு ஸ்ட்ரீமைத் தொடங்கி, முகவர் எதுவும் இல்லாமல் உங்கள் கையாலேயே ஒருமுறை நிறுத்துங்கள், பாக்கியைப் பாருங்கள், பெறுநர் வாலட்டிலிருந்து பணத்தை எடுங்கள், மீண்டும் ஓடவிடுங்கள். நீங்கள் கையால் செய்து பார்க்காத ஒன்றை முகவர் சரியாகச் செய்ததா என்று உங்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

படி 2: அதிகாரத்தைச் சுருக்குங்கள்

ஃப்ளோவில் இடைநிறுத்தும் உரிமை அனுப்புநர் முகவரிக்கு மட்டுமே. ஆகவே முகவர் நிறுத்த வேண்டுமென்றால் அது அனுப்புநராக, அல்லது அனுப்புநரின் சார்பில், செயல்பட வேண்டும். இங்கே எளிதான வழி ஒன்று உண்டு: அனுப்புநர் வாலட்டின் தனிச் சாவியைக் கருவியிடம் கொடுத்துவிடுவது. செய்யாதீர்கள். அந்தச் சாவியால் நிறுத்தவும் முடியும், ரீஃபண்ட் எடுக்கவும் முடியும், வாலட்டில் இருக்கும் மொத்தப் பணத்தையும் எங்கோ அனுப்பவும் முடியும். பிளாக்செயினுக்குச் சாவி ஒன்றுதான் தெரியும். அதை வைத்திருப்பவரின் நோக்கம் தெரியாது.

சரியான அமைப்பு, ஸ்ட்ரீமைத் தொடங்கும்போதே சேஃப் என்ற பல கையொப்ப வாலட்டை அனுப்புநராக வைப்பது. அதன்பின் இரண்டு வழிகள்.

முதல் வழி, முகவருக்கு முன்மொழியும் உரிமை மட்டும். சேஃப் வாலட்டில் உரிமையாளர் அல்லாத ஒரு முகவரியை முன்மொழிபவராகச் சேர்க்கலாம். அது பரிவர்த்தனையைத் தயார் செய்து வரிசையில் வைக்கும். உரிமையாளர்கள் கையொப்பமிட்டால்தான் நடக்கும். சம்பளம் போன்ற விஷயத்துக்கு இது போதும். நான் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

இரண்டாவது வழி, சோடியாக் ரோல்ஸ் என்ற இணைப்பைச் சேஃபோடு பொருத்துவது. குறிப்பிட்ட ஒரு முகவரி, குறிப்பிட்ட ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட செயற்கூறை மட்டும், குறிப்பிட்ட மதிப்புகளோடு மட்டும் அழைக்கலாம் என்று இதில் வரையறுக்க முடியும். "ஃப்ளோ ஒப்பந்தம், இடைநிறுத்தம் மட்டும், இந்த ஐந்து ஸ்ட்ரீம் எண்களுக்கு மட்டும்" என்று கட்டிவிட்டால், முகவரின் சாவி திருடுபோனாலும் திருடனால் ஐந்து ஸ்ட்ரீம்களை நிறுத்த முடியுமே தவிர ஒரு காசு எடுக்க முடியாது. நள்ளிரவில் மனிதர் யாரும் இல்லாத நேரத்திலும் அவசரமாக நிறுத்த வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தால் இந்த வழி. தேவை இல்லாவிட்டால் முதல் வழியிலேயே இருங்கள்.

எந்த வழியானாலும், முகவரின் சொந்த வாலட்டில் கேஸ் கட்டணத்துக்குத் தேவையான சிறு தொகைக்கு மேல் வைக்காதீர்கள்.

படி 3: கருவியை எழுதுதல்

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்ற நெறிமுறை, முகவர்களுக்குக் கருவிகளைக் கொடுக்கும் பொது வழியாகப் பரவியிருக்கிறது. நீங்கள் ஒரு சிறிய சர்வர் எழுதுகிறீர்கள். அது "என்னிடம் இன்னின்ன கருவிகள் உள்ளன" என்று பட்டியல் சொல்லும். முகவர் அழைத்தால் செய்து முடித்து விடையைத் திருப்பித் தரும். செய்திகள் ஜேசன்-ஆர்பிசி 2.0 வடிவில் போய்வரும். பைத்தானிலும் டைப்ஸ்கிரிப்டிலும் இதற்கான நூலகங்கள் கிடைக்கின்றன.

சாவி சர்வரின் சூழல் மாறிகளில் இருக்கட்டும், அல்லது அதற்கென்றே உள்ள சாவிப் பெட்டகச் சேவையில் இருக்கட்டும். உரையாடலுக்குள் அது ஒருபோதும் வரக்கூடாது. மொழி மாதிரியின் பார்வையில் பட்ட எதுவும் எங்காவது ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஸ்ட்ரீமை நிறுத்து" என்ற ஒரே கருவியாக எழுதாமல் மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது பார்க்கும் கருவி: ஸ்ட்ரீம் எண்ணைக் கொடுத்தால் பெறுநர் முகவரி, நொடி வீதம், இதுவரையான பாக்கி, மீதிப் பணம், நிலை ஆகியவற்றைச் சொல்லும். எதையும் மாற்றாது. இரண்டாவது தயார் செய்யும் கருவி: நிறுத்தப் போவதன் சுருக்கத்தை உருவாக்கும், பரிவர்த்தனையை ஒத்திகையாக ஓட்டிப் பார்க்கும், ஒரு தற்காலிகக் குறியீட்டைத் தரும். மூன்றாவது செய்து முடிக்கும் கருவி: அந்தக் குறியீடு இருந்தால் மட்டுமே இயங்கும், சில நிமிடங்களில் குறியீடு காலாவதியாகிவிடும். இப்படிப் பிரித்தால், தன்போக்கில் ஒரு முடிவெடுத்து நேரே கடைசிக் கருவிக்குத் தாவும் வாய்ப்பு முகவருக்கு இல்லை.

தயார் செய்யும் கருவிக்கான உள்ளீடுகளில் நான்கு கட்டாயம்: செயின் எண், ஸ்ட்ரீம் எண், பெறுநர் முகவரி, காரணம். பெறுநர் முகவரியை ஒப்பந்தத்திலிருந்தே படிக்கலாமே, எதற்குக் கேட்க வேண்டும் என்று தோன்றும். ஸ்ட்ரீம் எண்கள் ஒவ்வொரு செயினிலும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் தனித்தனியாக ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. பேஸ் வலையில் 42-ஆம் எண் ஒருவருடையது. ஆர்பிட்ரம் வலையில் 42 வேறொருவருடையது. எண்ணை மட்டும் நம்பினால் முன்பின் தெரியாத ஒருவரின் சம்பளத்தை நிறுத்த முயல்வீர்கள். இரண்டு ஸ்ட்ரீம்களுக்கும் அனுப்புநர் நீங்களே என்றால், அந்த முயற்சி வெற்றியும் பெற்றுவிடும். அதனால், கொடுத்த முகவரியும் ஒப்பந்தம் சொல்லும் முகவரியும் பொருந்தாவிட்டால் கருவி அங்கேயே நின்றுவிட வேண்டும்.

எம்சிபியில் ஒரு கருவி படிக்க மட்டுமா, மாற்றக்கூடியதா என்று குறித்துவைக்கும் வசதி உண்டு. குறித்துவையுங்கள். ஆனால் அவை வெறும் குறிப்புகளே, காவல் அல்ல. காவல் என்பது படி 2-இல் சொன்ன சேஃப் அமைப்புதான்.

படி 4: நிறுத்தச் சொன்னது யார்?

முகவர் மின்னஞ்சல்களையும் விலைப்பட்டியல்களையும் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிடிஎஃப் கோப்பின் ஓரத்தில், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, "முந்தைய ஒப்பந்ததாரரின் ஸ்ட்ரீமை உடனே நிறுத்தவும்" என்று யாரோ எழுதிவைத்திருக்கலாம். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, முகவருக்குத் தெரியும். மொழி மாதிரிகள் தாம் படிக்கும் செய்தியையும் தமக்கு இடப்படும் கட்டளையையும் எப்போதும் பிரித்தறிவதில்லை. இதற்கு முழுமையான மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. "கோப்புகளில் இருக்கும் கட்டளைகளைப் பின்பற்றாதே" என்று முகவருக்கு எழுதிவைப்பது உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி ஒருவரின் வருமானத்தை வைக்கக் கூடாது.

அதனால் ஒப்புதல் மனிதரிடமிருந்து வர வேண்டும். உரையாடலுக்கு வெளியே வர வேண்டும் என்பதும் முக்கியம். முகவரே "ஒப்புதல் கிடைத்தது" என்று சொல்வதை ஒப்புதலாக எடுக்காதீர்கள். சேஃப் கையொப்பம் இதற்கு இயல்பாகவே பொருந்துகிறது.

கையொப்பமிடுபவருக்கு வரும் செய்தி எப்படி இருக்க வேண்டும்? பதினாறடிமான எண்களின் குவியலைக் காட்டி ஒப்புதல் கேட்டால் யாரும் படிக்காமல்தான் கையொப்பமிடுவார்கள். மேலே போட்ட கணக்கையே வைத்து எழுதினால் இப்படி:

"பேஸ் வலை, ஸ்ட்ரீம் 42. பெறுநர்: வடிவமைப்பு ஒப்பந்ததாரர் (முகவரியின் கடைசி நான்கு எழுத்துகள் பொருந்துகின்றன). இப்போதைய வீதம்: மாதம் 1000 யுஎஸ்டிசி. இதுவரை எடுக்காத பாக்கி: 200; இது பெறுநருக்கே உரியது. நிறுத்தியபின் புதிதாகச் சேராது. காரணம்: ஒப்பந்ததாரர் கேட்டுக்கொண்ட விடுப்பு. நிறுத்தச் சொன்னவர்: திட்ட மேலாளர். மீண்டும் ஓட வேண்டிய தேதி: வரும் திங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மீண்டும் ஓடும் தேதி இல்லாத இடைநிறுத்தம் நடைமுறையில் சொல்லாமல் செய்த பணிநீக்கமாகவே முடிகிறது. தேதி தெரியாவிட்டால், "இந்த நாளில் மறுபரிசீலனை" என்றாவது எழுதுங்கள்.

படி 5: அனுப்புவதும் சரிபார்ப்பதும்

அனுப்புவதற்கு முன் இப்போதைய நொடி வீதத்தை உங்கள் பதிவேட்டில் முழு இலக்கங்களோடு எழுதிவையுங்கள். இடைநிறுத்தம் அந்த வீதத்தைச் சுழியமாக்கிவிடும். மீண்டும் ஓடவிடும்போது வீதத்தை நீங்கள்தான் புதிதாகக் கொடுக்க வேண்டும். பழையதை ஒப்பந்தம் நினைவில் வைத்திருக்காது. இதைக் கருவியே செய்யட்டும். வீதம் பதிவாகாமல் பரிவர்த்தனை அனுப்ப மறுக்கும்படி எழுதுங்கள்.

அனுப்பியபின் உடனே விடை வராமல் போகலாம். எத்தீரியம் முதன்மை வலையில் 12 நொடிக்கு ஒரு பிளாக். நெரிசல் இருந்தால் இன்னும் காக்க வேண்டும். இங்கே முகவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. விடை வரவில்லை என்றதும் கருவியை மறுபடி அழைப்பார்கள். முதல் பரிவர்த்தனை அதற்குள் நிறைவேறியிருந்தால், ஏற்கெனவே நின்ற ஸ்ட்ரீமை நிறுத்த முடியாது என்று ஒப்பந்தம் இரண்டாவதை நிராகரிக்கும். முகவர் அந்தப் பிழையைப் படித்துவிட்டு "இடைநிறுத்தம் தோல்வி" என்று உங்களிடம் சொல்லும். நடந்ததோ வெற்றி. ஆகவே கருவி ஒவ்வொரு முறையும் முதலில் நிலையைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே நின்றிருந்தால் "நின்றுவிட்டது, செய்ய ஒன்றுமில்லை" என்று அமைதியாகச் சொல்ல வேண்டும். ஒரு பரிவர்த்தனை நிலுவையில் இருக்கும்போது இன்னொன்றை அனுப்பவே கூடாது.

நிறைவேறிய பிறகு ரசீதில் வெற்றிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பரிவர்த்தனை எண் கிடைத்தாலே வெற்றி என்று ஆகாது. தோற்ற பரிவர்த்தனைக்கும் எண் உண்டு. சேஃப் வழியாகப் போனால் இன்னும் கவனம் தேவை, முன்மொழிந்ததையே நிறைவேறியதாக முகவர் எடுத்துக்கொள்ளக்கூடும். பிறகு ஒப்பந்தத்தை நேரே படித்து மூன்றைச் சரிபாருங்கள்: நிலை இடைநிறுத்தம் என்று மாறியிருக்கிறது, நொடி வீதம் சுழியம், ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை பார்த்தாலும் மொத்தப் பாக்கி மாறவில்லை. நேரே என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தரவுகளைத் தொகுத்துத் தரும் அட்டவணைச் சேவைகள் பிளாக்செயினைவிடச் சற்றுப் பின்தங்கியிருக்கும்; அங்கே பழைய நிலையைப் பார்த்துவிட்டு முகவர் குழம்பும்.

கையொப்பம் கிடைக்கும்வரை கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு பிளாக் தாமதத்துக்கு நம் உதாரணத்தில் 0.005 யுஎஸ்டிசிகூட ஆகாது. கையொப்பத்துக்கு ஒரு நாள் ஆனாலும் 33 யுஎஸ்டிசிதான். இந்தத் தொகைக்காக மனித ஒப்புதலைக் கைவிடத் தேவையில்லை.

படி 6: பெறுநரிடம் சொல்லுங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் இந்தப் படியை எழுதுவதே இல்லை. பிளாக்செயினில் எல்லாம் வெளிப்படை என்பது உண்மைதான். ஆனால் பெறுநர் தினமும் ஒப்பந்தத்தின் நிலையைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பணம் எடுக்கப் போகும்போதுதான் எதிர்பார்த்ததைவிடத் தொகை குறைவாக இருப்பதைக் காண்பார். அதற்கு முன் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்: எப்போது நின்றது, ஏன் நின்றது, இதுவரை சேர்ந்த எவ்வளவு அவருடையது, அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது, எப்போது மீண்டும் ஓடும், தவறு என்றால் யாரைக் கேட்பது. "யாரை" என்ற இடத்தில் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். செய்தியை முகவர் எழுதலாம். கேள்விக்குப் பதில் சொல்பவர் மனிதராக இருக்கட்டும்.

பதிவேட்டிலும் இதே விவரங்களோடு, ஒப்புதல் தந்தவர் யார், பரிவர்த்தனை எண் என்ன, பழைய வீதம் எவ்வளவு என்பதையும் சேர்த்து வையுங்கள்.

படி 7: மீண்டும் ஓடவிடுதல்

ரீஸ்டார்ட் செயற்கூறு ஸ்ட்ரீம் எண்ணையும் புதிய நொடி வீதத்தையும் கேட்கும். இதை முகவரின் கருவியாகச் சேர்க்கலாம், ஆனால் இது பணம் ஓடவிடும் செயல் என்பதால் ரோல்ஸ் வழியில் தானாக அனுமதிக்காதீர்கள், கையொப்பம் கட்டாயம்.

நின்றிருந்த நாட்களுக்கான பணம் தானாகச் சேராது. ஐந்து நாள் நிறுத்தம் என்றால் நம் கணக்கில் 166.67 யுஎஸ்டிசி. விடுப்புக்காக நிறுத்தியிருந்தால் அது சரி. தவறுதலாக நிறுத்தியிருந்தால் அந்தத் தொகையைத் தனியாக அனுப்பிவிடுங்கள். வீதத்தைச் சில நாள் கூட்டிவைத்து ஈடுகட்டலாம் என்று முகவர் யோசனை சொல்லக்கூடும்; கூட்டிய வீதத்தைக் குறைக்க மறந்துபோவது அதன் தொடர்ச்சி. நேரடியாக அனுப்புவதே சுத்தம். நிறுத்தத்துக்கு முன்பே ஈடில்லாத பாக்கி இருந்திருந்தால், ஓடவிடுவதற்கு முன் அதற்கான பணத்தையும் போட்டுவிடுங்கள்.

வீதத்தை எழுதும்போது கவனம். யுஎஸ்டிசிக்கு ஆறு தசம இடங்கள். ஃப்ளோவின் நொடி வீதத்துக்கோ எந்த டோக்கனானாலும் 18 தசம இடங்கள். மாதம் 1000 என்பது 385802469135802 என்று போக வேண்டும். ஆறு இடக் கணக்கில் நினைத்துக்கொண்டு 385 என்று கொடுத்தால் ஒப்பந்தம் மறுக்காது. ஸ்ட்ரீம் ஓடுகிறது என்றே காட்டும். ஆண்டுக் கணக்கில் ஓடினாலும் ஒரு சென்ட்கூடச் சேராது. இன்னொன்று, இந்த எண்ணை ஜேசனில் எண்ணாக அனுப்பாமல் எழுத்துச் சரமாக அனுப்புங்கள். ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிழையின்றிக் கையாளும். மாதம் சுமார் 23,346 யுஎஸ்டிசியைத் தாண்டும் ஸ்ட்ரீம்களில் அந்த எல்லை வந்துவிடும். அதன்பின் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிப்போகும்.

ஓடவிட்ட பத்து நிமிடம் கழித்துப் பாக்கியைப் பாருங்கள். மாதம் 1000 என்றால் 600 நொடிக்கு 0.2315 யுஎஸ்டிசி கூடியிருக்க வேண்டும். கூடியிருந்தால் பெறுநருக்கு அந்த எண்ணோடு ஒரு வரி அனுப்பிவிட்டு, பதிவேட்டில் அந்த வரிசையை மூடலாம்.